சோமன் (35)

குலசேகரம், ஜூலை 12:
என்று தொடங்கும் செய்தி.
பதினான்கு வரி அனுப்பினேன், ஆறு வரி வந்தது.
ரப்பர் தோட்டத்தில் அறுந்து கிடந்த
மின்கம்பியை மிதித்து
வடமாநிலத் தொழிலாளி சோமன் (35) பலி.
போலீசார் விசாரித்து வருகின்றனர்.

சோமாய் மராண்டி என்றுதான் எழுதியிருந்தேன்.
டெஸ்கில் யாரோ பிழை என்று திருத்திவிட்டார்கள்.
வயதும் முப்பத்தைந்து இல்லை.
ஆதாரில் ஒன்று, ஆள் சொன்னது ஒன்று,
ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னொன்று.
மூன்றையும் கூட்டி வகுத்ததுபோல
அடைப்புக்குறிக்குள் ஓர் எண்.

அதற்கு நான்கு மாதம் முன்பே அவனைப் பார்த்திருக்கிறேன்,
வேறொரு கட்டுரைக்காக.
இப்போது போட என்ன காரணம் என்று கேட்டார்கள்.
காரணம் ஜூலையில் கிடைத்தது.

வெட்டுப்பட்ட எட்டு வரியும்
வரியே ஆகாத இருபது பக்கமும்
ஸ்பைரல் நோட்டில் கிடந்தன.
வேலையை விட்டபின்
நாவல் என்று ஒன்றைத் தொடங்கியபோது
அதைத்தான் எடுத்தேன்.

ஒன்பது பேர் படுத்த புகைப்புரை:
மேலே ஷீட்டு காயும், கீழே ஆள் காயும்.
சிரட்டையில் மழை விழுந்து கெட்ட பாலுக்குக் கூலி கிடையாது.
கைதச்சக்கை முள் கீறிய முழங்கால்கள்.
பேச்சிப்பாறை ரோட்டுக் கடையில்
பழம்பொரியைப் பிய்த்து
உள்ளே உருளைக்கிழங்கைத் தேடிய ஒருவன்.

ஏழாம் பக்கத்தில்
'பார்' என்று மட்டும் எழுதி
இரண்டு முறை அடிக்கோடு.
விடிகாலை மூன்று மணி,
நெற்றி விளக்கோடு அவன் வெட்டிக்கொண்டே போக
பின்னால் நடந்தேன்.
மித், பார், பே, போன்…
மரத்துக்கு ஒரு சொல்.
பார் என்றதும் நான் பார்த்தேன்.
இருட்டும் மரமும்.
பாகுன் ஹெம்ப்ரம் பிறகு சொன்னான்:
அவங்க பாஷையில் பார் என்றால் இரண்டாம்.

முதல் மூன்று அத்தியாயம் செய்தியாகவே வந்தது.
பதினேழு வருஷப் பழக்கம், விரல் விடமாட்டேன் என்கிறது.
அவன் அழுதான் என்று எழுத வரவில்லை.
அழுததாகக் கூறப்படுகிறது.
தும்காவில் மனைவியைக் கனவு கண்டதாகத் தெரிகிறது.
கனவைப் பார்த்தவர் யார் என்று
எனக்குள்ளிருந்த டெஸ்க் கேட்டது.
பதில் இல்லாத இடத்தையெல்லாம் அடித்தேன்.
மிஞ்சியதில் மெதுவாக
ஒரு ஆள் மூச்சு விடத் தொடங்கினான்.

மூச்சு விட்டவனைக் கொல்ல மனசு வரவில்லை.
பத்தொன்பதாம் அத்தியாயத்தில்
செருப்பு வார் அறுந்து அவன் குனிகிறான்.
விளக்கு வெளிச்சம் தரையில் விழுகிறது.
கம்பி தெரிகிறது.
தாண்டிப் போகிறான்.

அருமனையில் கைதச்சக்கை லோடு ஏற்றும் இடத்தில்
லாரி நிழலில் உட்கார்ந்து
பாகுனுக்கு வாசித்துக் காட்டினேன்.
பழம்பொரிக்குச் சிரித்தான். அது அவன்தான்.
கம்பியைத் தாண்டியபோது
தார்ப்பாய்க் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.
கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்:
'அப்போ அந்தப் பதினோரு நாள் சம்பளம்
அவனுக்குக் கிட்டிச்சா அக்கா?'

நோட்டில் அது இல்லை.
பலி என்று எழுதிய கை
பாக்கி என்ன என்று கேட்டிருக்கவில்லை.

நாள் அறுநூற்றைம்பது,
பதினோரு நாளுக்கு ஏழாயிரத்து நூற்றைம்பது.
பாகுன் விரலில் போட்ட கணக்கு,
அவன் பாஷையில் தொடங்கி நம் பாஷையில் முடிந்தது.

மறுநாள் மேஸ்திரி வில்பிரட்டைப் பார்த்தேன்.
எந்தப் பத்திரிகை என்று கேட்டார்.
என் அடையாள அட்டை காலாவதியாகி ஒன்றரை வருஷம்.
நாவல் என்றேன்.
'அப்படி ஒரு பேப்பர் வருதா பிள்ளே?'

கம்பியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.
தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருக்கிறேன்.
அதற்கு அடுத்த பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டு, வெறுமை.
அச்சுப்பிழை இல்லை.
வில்பிரட் தரப்பு விளக்கத்துக்காக விட்டது.